நம்ம ஆளோட ஆல்பம் வருது: சிங்கப்பூர் ரசிகர்கள் அடிக்கடி கேக்குற கேள்விகள்

பிடிச்ச பாடகர் ஒரு ஆல்பம் வருதுன்னு அறிவிச்சதும் நம்ம கூட்டாளிங்க மத்தியில அதே கேள்விங்க தான் சுத்தி சுத்தி வருது. எத்தனை மணிக்கு வரும், எங்க வாங்குறது, லீக் (ரிலீஸுக்கு முன்னாடியே திருட்டுத்தனமா கசிஞ்ச பாட்டு) கேக்கலாமா, ஏன் இவ்ளோ லேட்டு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா பதில் சொல்லாம எல்லாத்தையும் ஒரே எடத்துல எழுதிட்டேன். நான் இங்க பேசுறது தன் பாட்டை தானே எழுதி, தானே மெட்டு கட்டி, தானே பாடுற ஆளுங்களைப் பத்தி. அவங்க தமிழ்ல பாடுறாங்களா இங்கிலீஷ்ல பாடுறாங்களா, சென்னையா உட்லண்ட்ஸா அமெரிக்காவான்னு பிரச்சனை இல்ல, உங்க ஆளு யாரா இருந்தாலும் இதுல பாதிக்கு மேல பொருந்தும்.

வெள்ளிக்கிழமை ரிலீஸ்னு போட்டிருக்காங்க, நமக்கு எத்தனை மணிக்கு கிடைக்கும்?

பொதுவா வியாழக்கிழமை ராத்திரி 12 மணி தாண்டுனதும், அதாவது வெள்ளிக்கிழமை பிறந்ததும். ஸ்ட்ரீமிங் ஆப்ல பெரும்பாலும் அந்தந்த நாட்டு நேரப்படி நடுராத்திரிக்குத் தான் திறப்பாங்க, நம்ம சிங்கப்பூர் கிழக்கால இருக்கறதால லண்டன்காரனுக்கும் நியூயார்க்காரனுக்கும் பல மணி நேரம் முன்னாடியே நமக்கு வந்துடும். ஆனா சில பேர் உலகம் பூரா ஒரே நொடியில திறக்கணும்னு முடிவு பண்ணுவாங்க. அமெரிக்க கிழக்குக் கரை நடுராத்திரின்னா நமக்கு வெள்ளிக்கிழமை பகல் 12 மணி, அங்க குளிர்காலமா இருந்தா 1 மணி. இந்திய நேரம் நடுராத்திரின்னா நமக்கு விடிகாலை 2.30. அதனால போஸ்டரை மட்டும் பாத்துட்டு ராத்திரி பூரா முழிச்சிட்டு உக்காராதீங்க, ஸ்பாட்டிஃபைல கவுண்ட்டவுன் பக்கம் இருந்தா அதைப் பாருங்க, அது உங்க ஊர் நேரத்துலயே ஓடும்.

இந்த வெள்ளிக்கிழமை வழக்கம் ரொம்ப பழசும் இல்ல. 2015 ஜூலை 10ல இருந்து தான் உலகம் முழுக்க வெள்ளின்னு ஆக்குனாங்க. அதுக்கு முன்னாடி அமெரிக்கால செவ்வாய், இங்கிலாந்துல திங்கள்னு ஆளுக்கொரு கிழமை இருந்துச்சு, ஒரு ஊர்ல வந்ததும் அடுத்த ஊர்ல இருக்கறவன் திருட்டு காப்பி தேட ஆரம்பிச்சிடுவான், அதை நிறுத்தறதும் ஒரு காரணம்.

நியூசிலாந்துக்காரங்களுக்கு நமக்கு முன்னாடியே வந்துடுமாமே?

ஆமா, நம்ம வியாழக்கிழமை சாயங்காலம் 8 மணிக்கே, அவங்க கோடைல 7 மணிக்கே, அவங்களுக்கு வெள்ளி பிறந்துடும். அதுக்காக அக்கவுண்ட்ல நாட்டை மாத்தி வைக்கற வேலையெல்லாம் வேணாம். நாலஞ்சு மணி நேரம் தானே, சாப்பிட்டு குளிச்சிட்டு உக்காந்தா வந்துடப் போகுது.

சினிமா பாட்டு தான் வாராவாரம் வருதே, இதுக்கு மட்டும் ஏன் இப்படி உயிரை விடுறீங்க?

அம்மாவும் மாமாவும் கேக்குற கேள்வி இது. நியாயமான கேள்வியும் கூட, அதனால கொஞ்சம் நிதானமா சொல்றேன்.

நம்ம வீடுகள்ல ஆல்பம்னாலே படப்பாட்டு தான். கேசட் காலத்துல இருந்து அப்படித் தான், டேக்கா பக்கம் போனா புதுப்படப் பாட்டு கேசட் வாங்கிட்டு வர்றது ஒரு சடங்கு மாதிரியே இருந்த வீடுங்க நிறைய. அந்தப் பாட்டுங்க எனக்கும் உசுரு. ஆனா அதுல பாட்டு பொறக்கறதே ஒரு கதைக்காக. டைரக்டர் ஒரு சிச்சுவேஷன் சொல்றார், இசையமைப்பாளர் மெட்டு போடுறார், பாடலாசிரியர் எழுதுறார், பாடகர் ஒரு நாள் வந்து பாடிட்டு போறார். நாலு பேரோட உழைப்பு, நாலும் அந்தக் கதையோட நாயகனுக்குப் போய் சேருது. தானே எழுதி தானே பாடுற ஆளு அப்படி இல்ல. அந்த வரி அவரோட சொந்த வரி, அந்த அழுகை அவரோட சொந்த அழுகை, மறைஞ்சுக்க ஒரு கேரக்டர் கிடையாது. பத்து பாட்டு சேந்து அந்த மனுஷனோட ரெண்டு வருஷத்தையோ அஞ்சு வருஷத்தையோ நம்ம கையில குடுக்குது. அதனால தான் காத்திருக்கோம்.

நல்ல உதாரணம் சித் ஸ்ரீராம். சென்னையில பொறந்து கலிஃபோர்னியால வளந்தவர், 2013ல கடல் படத்துல ரஹ்மான் பாட வச்சார், அதுக்கப்புறம் அந்தக் குரல் நம்ம எல்லார் வீட்டு கல்யாண வீடியோலயும் இருக்கு. ஆனா அவரோட சொந்த ஆல்பம் 2019ல தான் வந்துச்சு, என்ட்ரப்பின்னு. அடுத்தது 2023ல, தன் பேரையே வச்சு சித்தார்த்னு விட்டார். சினிமா பாட்டை எதிர்பார்த்து போனவங்க நிறைய பேர் கொழம்பிட்டாங்க, என்ன இது இங்கிலீஷா இருக்கு, கர்நாடக சங்கீதம் மாதிரியும் இருக்கு, அமெரிக்க சோல் இசை மாதிரியும் இருக்குன்னு. ஆனா அது தான் அவர். அம்மாகிட்ட கர்நாடக சங்கீதம் கத்துக்கிட்டு, வெளியில ஆர் அண்ட் பின்ற அமெரிக்க இசையைக் கேட்டு வளந்த ஒரு பையன் தன் கதையை தானே சொன்னா அப்படித் தான் இருக்கும். படத்துக்குப் பாடும்போது அந்த முழு ஆளையும் நாம பாக்க முடியாது, ஏன்னா அங்க அதுக்கு எடமே இல்ல. என்னைக் கேட்டா அவரைத் தெரிஞ்சிக்கணும்னா அந்த ரெண்டு ஆல்பத்தை கேட்டே ஆகணும்.

அறிவிச்சு எவ்ளோ நாளாச்சு, ஏன் இவ்ளோ லேட்டு?

பாட்டு ரெக்கார்ட் பண்ணி முடிச்சதோட வேலை முடியல. குரலையும் வாத்தியங்களையும் அளவா சேக்கற மிக்ஸிங் இருக்கு, கடைசியா சத்தத்தை சரி பண்ற மாஸ்டரிங் இருக்கு, இப்பெல்லாம் சத்தம் நாலா பக்கமும் சுத்தி வர்ற டால்பி அட்மாஸ்னு தனி மிக்ஸ் வேற கேக்குறாங்க. யாரோட பழைய பாட்டுல இருந்தாவது ஒரு துண்டு எடுத்து போட்டிருந்தா அதுக்கு அனுமதி வாங்கணும், அது ஒரு மெயிலுக்கு பதில் வராம மாசக்கணக்குல நிக்கும். அப்புறம் விநியோகம். கையில காசு இல்லாத சின்ன ஆர்ட்டிஸ்ட்டா இருந்தாலும் ஃபைலை வாரக்கணக்குல முன்னாடியே குடுத்து வச்சா தான் நல்லது, ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட் எடிட்டர்களுக்கு பாட்டை அனுப்பறதுக்கே ரிலீஸுக்கு குறைஞ்சது ஏழு நாள் முன்னாடி அனுப்புங்கன்னு சொல்றாங்க.

வினைல், அதாவது பழைய மாதிரி பெரிய இசைத்தட்டு, வேணும்னா இன்னும் மோசம். அச்சடிக்கிற ஆலை உலகத்துல கொஞ்சம் தான். 2020 பிப்ரவரியில கலிஃபோர்னியால அப்பல்லோ மாஸ்டர்ஸ்னு ஒரு ஆலை எரிஞ்சு போச்சு. ரெக்கார்ட் வெட்டறதுக்கு முதல்ல ஒரு லேக்கர் தட்டு வேணும், அதை செய்யறதுக்கு உலகத்துலயே ரெண்டு கம்பெனி தான் இருந்துச்சு, எரிஞ்சது அதுல ஒண்ணு, இன்னொண்ணு ஜப்பான்ல. அதுக்கப்புறம் கோவிட், அதோட எல்லாரும் வீட்டுல உக்காந்து வினைல் வாங்க ஆரம்பிச்சது, எல்லாம் சேந்து கியூ நீண்டுடுச்சு.

இதெல்லாம் தாண்டி முக்கியமான காரணம் ஒண்ணு இருக்கு, அது எழுதுற ஆளுக்கு எழுத வரணும். இங்கிலாந்து பாடகி கேட் புஷ் 1993க்கு அப்புறம் அடுத்த ஆல்பம் குடுத்தது 2005ல, இடையில மகனை வளத்துக்கிட்டு இருந்தாங்க. அமெரிக்க பாடகர் ஃப்ராங்க் ஓஷன் 2012ல ஒண்ணு குடுத்துட்டு அடுத்ததுக்கு 2016 ஆகஸ்ட் வரைக்கும் ரசிகர்களை காக்க வச்சார், நடுவுல வருது வருதுன்னு ஆசை காட்டி கண்ணு பூத்துப் போச்சு. அமெரிக்க பாடகி ஃபியோனா ஆப்பிள் 2012க்கு அப்புறம் எட்டு வருஷம் கழிச்சு 2020 ஏப்ரல் 17ல குடுத்தாங்க, பெரும்பாலும் தன் வீட்டுலயே ரெக்கார்ட் பண்ணது, லேபிள் (பாட்டை வெளியிடற கம்பெனி) தள்ளிப் போடலாம்னு சொன்னப்போ இவங்க தான் இப்பவே விடுங்கன்னு நின்னாங்க. அந்த நேரம் நாம இங்க சர்க்கிட் பிரேக்கர்ல வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்தோம். வீட்டுக்குள்ள செஞ்ச ஆல்பத்தை வீட்டுக்குள்ளயே இருந்து கேட்டது, சுவத்தைத் தட்டுற சத்தம், நாய் குரைக்கிற சத்தம் எல்லாம் அதுல இருக்கும், அந்த நேரத்துல அதை விட பொருத்தமா எதையும் யாராலயும் குடுத்திருக்க முடியாது. எட்டு வருஷம் வீணா போகல.

அவருக்கே மெசேஜ் போட்டு எப்ப வரும்னு கேக்கலாமா?

ஒரு தடவை ஆசையா கேட்டா தப்பில்ல. அவர் போடுற ஒவ்வொரு போட்டோ கீழயும், அவரோட தாத்தா இறந்துட்டார்னு போட்ட போஸ்ட் கீழயும் கூட ஆல்பம் எங்கன்னு கேக்குறாங்க பாருங்க, அதை செய்யாதீங்க. செய்யறவங்களை பாத்தா நம்ம கூட்டத்து ஆளா இருந்தாலும் தனியா கூப்பிட்டு சொல்லுங்க.

ஏற்கனவே மூணு பாட்டு சிங்கிளா, அதாவது தனித்தனியா, விட்டாச்சு. அதை கேக்கணுமா, ஆல்பத்துக்காக வச்சுக்கணுமா?

இதுல ரெண்டு கட்சி இருக்கு, நான் முதல் சிங்கிள் மட்டும் கேக்குற கட்சி. முதல் பாட்டு அவரே இதான் வாசல்னு திறந்து விடறது, அதைக் கேக்காம இருக்க வேண்டியதில்ல. ரெண்டாவது மூணாவது வந்ததும் மனசு அடிச்சிக்கும், ஆனா கொஞ்சம் தள்ளி வச்சீங்கன்னா ஆல்பத்துக்குள்ள அந்தப் பாட்டு எந்த பாட்டுக்கு பின்னாடி வருது, எதுக்கு முன்னாடி வருதுன்னு அந்த எடத்துலயே முதல் தடவையா கேக்கலாம். சின்ன ஆர்ட்டிஸ்ட்டா இருந்தா மட்டும் இந்த விரதம் வேணாம், எல்லா சிங்கிளையும் வந்த அன்னைக்கே கேளுங்க, அந்த எண்ணிக்கை அவங்களுக்கு தேவை.

ப்ரீ-சேவ் பண்ணா என்ன கிடைக்கும்?

ப்ரீ-சேவ்னா ஆல்பம் வர்றதுக்கு முன்னாடியே ஆப்ல சேமிக்க சொல்லி வைக்கறது. ரிலீஸ் ஆன உடனே உங்க லைப்ரரில தானா வந்து உக்காந்துடும், ஆர்ட்டிஸ்ட்டுக்கு முதல் நாள் எண்ணிக்கை ஏறும். ஆப்புக்குள்ளயே இருக்கற பட்டன்னா கண்ண மூடிட்டு அமுக்குங்க. வேற வெப்சைட்டுக்கு கூட்டிட்டு போய் உங்க அக்கவுண்ட்டுக்கு அனுமதி கேட்டா என்னென்ன அனுமதின்னு படிங்க, பிளேலிஸ்ட்டை மாத்தற உரிமை, இமெயில் எல்லாம் சேத்து கேப்பாங்க. ஆல்பம் வந்த பிறகு அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல ஆப்ஸ்னு இருக்கற பகுதிக்கு போய் அந்த அனுமதியை எடுத்துடுங்க.

டெலிகிராம்ல லீக் சுத்துது. ஒரே ஒரு தடவை கேட்டா என்ன?

வேணாம். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், அந்த ஃபைல்ல இருக்கறது பாதி நேரம் முடிக்காத மிக்ஸ். அவர் வேணாம்னு தூக்கிப் போட்ட வரி அதுல இருக்கும், நீங்க அதைக் கேட்டு பழகிட்டா நிஜ பாட்டு வந்ததும் ஏதோ குறையற மாதிரி தோணும். ஒருத்தர் எழுதி முடிக்கறதுக்கு முன்னாடி அவர் நோட்டை பிடுங்கிப் படிக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இல்ல.

இப்ப இன்னொரு தொல்லை, அது அவர் பாடுனதே இல்லாம இருக்கலாம். 2023ல ஃப்ராங்க் ஓஷன் குரலை ஏஐல செஞ்சு, லீக்னு சொல்லி, ஆயிரக்கணக்கான டாலருக்கு ரசிகர்கள் தலையிலயே கட்டிட்டான் ஒருத்தன். தமிழ் குரலுங்களுக்கும் அப்படி செய்யறது இன்னைக்கு ரொம்ப சுலபம். ஆர்ட்டிஸ்ட்டோட சொந்த பக்கத்துல இல்லாத பாட்டை நம்பாதீங்க, ஃபார்வர்டும் பண்ணாதீங்க.

நாலஞ்சு எடிஷன் போட்டிருக்காங்க. எதை வாங்கறது?

இதுக்கு நம்ம ஊர்லயே நடந்த கதை இருக்கு. 2024 மார்ச்ல டெய்லர் ஸ்விஃப்ட் கல்லாங் நேஷனல் ஸ்டேடியத்துல ஆறு ராத்திரி பாடுனாங்க இல்லையா, தென்கிழக்காசியாவுல வேற எங்கயும் இல்லாம இங்க மட்டும். ஜாகர்த்தா, மணிலா, பேங்காக்ல இருந்தெல்லாம் ஜனம் வந்து ஸ்டேடியம் எம்ஆர்டி நெரம்பி வழிஞ்சுச்சு. அப்போ எல்லாருமே ஏப்ரல் 19ல வரப்போற புது ஆல்பத்துக்கு காத்துக்கிட்டிருந்த நேரம். மெல்பர்ன்ல ஒரு எடிஷன், சிட்னில ஒரு எடிஷன் அறிவிச்ச மாதிரி கடைசி எடிஷனை நம்ம ஸ்டேடியம் மேடையில தான் அறிவிச்சாங்க, எல்லாம் சேத்து நாலு எடிஷன், ஒவ்வொண்ணுலயும் கூடுதலா வேற வேற ஒரு பாட்டு. அங்க இருந்தவங்களுக்கு அது வாழ்க்கைக்கும் மறக்காது, நம்ம ஊர்ல வச்சு ஒரு பாட்டோட பேரை உலகத்துக்கு முதல் தடவையா சொன்னாங்கன்னா சும்மாவா.

ஆனா நாலையும் வாங்குனவங்களுக்கு என்ன ஆச்சுன்னா, ஏப்ரல் 19 நம்ம நேரம் பகல் 12க்கு ஆல்பம் வந்துச்சு, 2 மணிக்கு சொல்லாம கொள்ளாம இன்னும் 15 பாட்டு வந்துச்சு, மொத்தம் 31, அந்த நாலு கூடுதல் பாட்டும் அதுலயே இருந்துச்சு. அதனால நான் சொல்றது, பொருள் மேல ஆசைன்னா, அட்டை அழகு, கையில வச்சிருக்கணும்னு தோணுதுன்னா, ஒரே ஒரு எடிஷன் வாங்குங்க. கூடுதல் பாட்டு தவறிடுமோன்னு பயந்து எதையும் வாங்காதீங்க. குறிப்பா ஸ்கூல் பிள்ளைங்க, பாக்கெட் மணியை நாலா பிரிச்சு நாலு பெட்டி வாங்கறதுல ரசிகத்தனம் கூடப் போறது இல்ல.

வெளிநாட்டு கடையில ஆர்டர் பண்ணா ஜிஎஸ்டி கட்டணுமா?

2023 ஜனவரி 1ல இருந்து 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருளுக்கும் ஜிஎஸ்டி உண்டு, ஆனா இங்க பதிவு செஞ்ச வெளிநாட்டு கடைங்க தான் அதை பில்லுலயே சேத்து வாங்குவாங்க. சின்ன லேபிள், ஆர்ட்டிஸ்ட்டோட சொந்த கடைன்னா பெரும்பாலும் பதிவு இருக்காது. 400 வெள்ளியை தாண்டுனா பொருள் உள்ள வரும்போது கட்டணும், கூரியர்காரங்க கையாளற கட்டணமும் சேத்து போடுவாங்க. விகிதம் 2024ல இருந்து 9 சதவீதம். நிஜமா வலிக்கறது ஷிப்பிங் தான், ஒரு ரெக்கார்டுக்கு ரெக்கார்டு விலையே ஆயிடும், அதனால கூட்டாளிங்க சேந்து ஒரே ஆர்டரா போடுங்க, மொத்தம் 400க்குள்ள இருக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க.

நம்ம ஊர் வெயில்ல வினைல் தாங்குமா?

தாங்கும், பாத்துக்கிட்டா. கார்ல விட்டுட்டு போகக் கூடாது, வெயில் படற காரிடார்ல டெலிவரிக்காரர் வச்சிட்டு போறதும் ஆபத்து, வளைஞ்சிடும். ஆள் இருக்கற நேரத்துக்கு டெலிவரி கேளுங்க, இல்ல பார்சல் லாக்கருக்கு அனுப்பச் சொல்லுங்க. வந்ததும் நிமித்தி வச்சு அடுக்குங்க, ஒண்ணு மேல ஒண்ணு படுக்க வைக்காதீங்க. வெயிலை விட இங்க ஈரம் தான் எதிரி, அட்டையில பூஞ்சை புள்ளி புள்ளியா வந்துடும். அலமாரியில ஈரத்தை உறிஞ்சற தேர்ஸ்டி ஹிப்போ டப்பா ஒண்ணு வச்சாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

ஒரு பக்கத்துக்கு சுமார் 22 நிமிஷம் தான் நல்லா பிடிக்கும், அதனால நீளமான ஆல்பம்னா ரெண்டு தட்டா வரும், விலையும் ஏறும். ரெக்கார்ட் பிளேயரே இல்லாதவங்க முதல்ல சிடி வாங்குங்களேன். விலையும் கம்மி, சத்தமும் சுத்தம், பாட்டு வரி அச்சடிச்ச புக்லெட்டும் கிடைக்கும்.

நம்ம ஆளு சின்ன ஆர்ட்டிஸ்ட். நாம கேக்கறதுல அவருக்கு காசு போய் சேருதா?

இது எனக்கு ரொம்ப முக்கியமான கேள்வி. ஸ்பாட்டிஃபைல ஒரு பாட்டை 30 வினாடி கேட்டா தான் ஒரு ஸ்ட்ரீம்னு கணக்கு. 2024ல இருந்து ஒரு பாட்டு கடந்த 12 மாசத்துல 1,000 ஸ்ட்ரீமை தொடலேன்னா அந்த ரெக்கார்டிங்குக்கு ராயல்ட்டியே கிடையாது. பெரிய ஆளுக்கு 1,000 ஒரு நொடி, நம்ம ஊர்ல படுக்கையறையில உக்காந்து பாட்டு செய்யற பையனுக்கு அது மலை. ஒரு ஆல்பத்துல மூணு பாட்டை மட்டும் எல்லாரும் திருப்பி திருப்பி கேட்டா மிச்ச ஏழு பாட்டு அந்தக் கோட்டுக்கு கீழயே கிடக்கும். முழு ஆல்பத்தையும் கேளுங்கன்னு நான் கத்தறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

நேரடியா குடுக்கணும்னா, ஆர்ட்டிஸ்ட்டே பாட்டு விக்கிற பேண்ட்கேம்ப்ன்ற தளம் நல்ல வழி, டிஜிட்டல் விற்பனையில அவங்க பொதுவா 15 சதவீதம் எடுத்துக்கிட்டு மிச்சத்தை ஆர்ட்டிஸ்ட்டுக்கு குடுக்குறாங்க, கார்டு கட்டணம் தனி. 2020 மார்ச்ல கோவிட் நேரத்துல ஆரம்பிச்ச பேண்ட்கேம்ப் வெள்ளின்னு சில நாள் உண்டு, அன்னைக்கு அவங்க பங்கையே விட்டுக் குடுத்துடுவாங்க. நிகழ்ச்சியில டீஷர்ட் விக்கிற மேசை இருந்தா அங்க ஒண்ணு வாங்குங்க.

தானே எழுதி தானே பாடுறவருக்கு ரெண்டு வழியில வருமானம், பாட்டை எழுதுனதுக்கு ஒண்ணு, ரெக்கார்ட் பண்ணதுக்கு ஒண்ணு. எழுதுனதுக்கான பங்கை இங்க காம்பஸ்னு 1987ல ஆரம்பிச்ச சங்கம் வசூல் பண்ணி குடுக்குது. இந்தியால சினிமா பாட்டு எழுதுனவங்களும் மெட்டு போட்டவங்களும் ரொம்ப காலமா மொத்தமா ஒரு தொகை வாங்கிட்டு போயிட வேண்டியது தான், 2012ல காப்புரிமைச் சட்டத்தை திருத்துன பிறகு தான் அந்த ராயல்ட்டி உரிமையை அவங்ககிட்ட இருந்து எழுதி வாங்க முடியாதுன்னு ஆச்சு. தன் பாட்டுக்கு தானே சொந்தக்காரனா இருக்கறது எவ்ளோ பெரிய விஷயம்னு அந்த வரலாற்றைப் பாத்தா புரியும்.

என்எஸ்ல இருக்கேன், வியாழன் ராத்திரி லைட்ஸ் ஆஃப். என்ன பண்றது?

தூங்குங்க தம்பி. வெள்ளிக்கிழமை புக் அவுட் ஆகி வர்ற பஸ்ல, எம்ஆர்டில முழுசா கேளுங்க, அதை விட நல்ல நேரம் கிடைக்காது. நெட் விட்டு விட்டு வரும்னா முதல்ல டவுன்லோட் பண்ணிக்கோங்க. அதுவரைக்கும் குரூப் சேட்டை மியூட்ல போடுங்க. கூட இருக்கறவங்களும் தயவு செஞ்சு வெள்ளி ராத்திரி வரைக்கும் எந்த வரியையும் எடுத்துப் போடாதீங்க, கேம்ப்ல இருக்கற பையன் ஒரு வாரமா காத்துட்டு இருக்கான்.

முதல் தடவை எப்படி கேக்கணும்னு ஏதாவது முறை இருக்கா?

முதல் பாட்டுல இருந்து கடைசி பாட்டு வரைக்கும், வரிசையா, நடுவுல நிறுத்தாம. பாட்டு வரிசையை கலைச்சுப் போடற ஷஃபிள் ஆஃப்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. 2021 நவம்பர்ல இங்கிலாந்து பாடகி அடேல் தன் ஆல்பம் வந்தப்போ இதைத் தான் கேட்டாங்க, வரிசையை நாங்க யோசிச்சு வைக்கிறோம், கதை அப்படித் தான் போகுதுன்னு, அதுக்கப்புறம் ஸ்பாட்டிஃபை ஆல்பம் பக்கத்துல ஷஃபிள் முன்னாடி நிக்கறதை எடுத்தாங்க. ஒரு பாட்டுக்காரங்க கேட்டு ஒரு பெரிய கம்பெனி பட்டனையே மாத்துச்சுன்னா வரிசை எவ்ளோ முக்கியம்னு பாருங்க.

முழுசா கேக்கறதுக்கு நேரம் இல்லன்னு சொல்றவங்களுக்கு, உட்லண்ட்ஸ்ல ஏறி சிட்டி ஹால் போறதுக்குள்ள ஒரு சின்ன ஆல்பம் முடிஞ்சிடும். போன்ல வேற எதையும் திறக்காம, ஜன்னல் பக்கம் பாத்துட்டே. ஹெட்போன்ல தான், ஸ்பீக்கர்ல வேணாம், பக்கத்துல உக்காந்திருக்கற ஆன்ட்டி உங்க ஆர்ட்டிஸ்ட்டை வெறுத்துடுவாங்க. ரெண்டாவது தடவை பாட்டு வரியை கையில வச்சுக்கிட்டு கேளுங்க. முதல் தடவை வரி பாக்காதீங்க, குரல் என்ன சொல்லுதுன்னு மட்டும்.

எல்லாரும் சேந்து கேக்கணும்னு ஆசை. எங்க கூடறது?

வீட்டுல கூடறதுன்னா ராத்திரி பத்து பத்தரைக்கு மேல சத்தம் வைக்காதீங்க, பக்கத்து வீட்டுல கைக்குழந்தை இருக்கும், காலைல வேலைக்கு போறவங்க இருப்பாங்க. நடுராத்திரி ரிலீஸ்னா ஆளுக்கொரு இயர்போன், ஒரே நேரத்துல பிளே, அதுவும் நல்லா தான் இருக்கும். பெரிய கூட்டம்னா சமூக மன்றத்துல ரூம் எடுக்கலாம், ஆளுக்கு கொஞ்சம் போட்டா வந்துடும். வாய்ட் டெக்ல போடணும்னா நகர மன்றத்துகிட்ட அனுமதி வாங்கணும். கேட்டு முடிச்சதும் சிராங்கூன் ரோடு பக்கம் போய் பரோட்டாவும் தே தாரிக்கும் சாப்பிட்டுட்டே எந்த பாட்டு நல்ல பாட்டுன்னு சண்டை போடுங்க.

எனக்கு தமிழ் அவ்ளோ வராது. தமிழ் ஆல்பம் கேட்டா புரியுமா?

புரியும், மெதுவா. ஸ்கூல்ல படிச்ச தமிழே போதும் பாதிக்கு. மிச்சத்தை பாட்டிகிட்ட கேளுங்க, நான் இதை விளையாட்டுக்கு சொல்லல. ஒரு வரிக்கு அர்த்தம் கேட்டா பாட்டி அந்த வரியோட நிக்க மாட்டாங்க, அந்த மாதிரி இன்னொரு பழைய பாட்டு பாடிக் காட்டுவாங்க, ஒரு மணி நேரம் போயிடும். அதே மாதிரி உங்க ஆளு இங்கிலீஷ்ல பாடுறார்னா அம்மாவுக்கு ஒரு பாட்டு போட்டு காட்டி அது எதைப் பத்தின்னு சொல்லிப் பாருங்க.

நம்ம சிங்கப்பூர் ஆளுங்க யாராவது இருக்காங்களா, காத்திருக்கற மாதிரி?

இருக்காங்க, நல்லாவே இருக்காங்க. ஷபீர் 2005ல வசந்தம் ஸ்டார் ஜெயிச்சவர், 2012 தேசிய தினத்துக்கு வந்த சிங்கை நாடு பாட்டு அவரோடது, அப்புறம் சென்னைக்கு போய் 2019ல வந்த சகா படத்துக்கு இசையமைச்சார். டிவி போட்டியில யாரோ ஒருத்தர் பாட்டை பாடி ஆரம்பிச்ச பையன் தன் பாட்டோட நின்னதை கூடவே இருந்து பாத்த தலைமுறை நாம.

மத்த மொழியிலயும் பாருங்க. டிக் லீ 1974லயே தன் பாட்டை தானே எழுதி ஆல்பம் போட்டவர், அப்போ இங்க மேடையில வெளிநாட்டு பாட்டை அப்படியே பாடுறது தான் வழக்கம். 2021 தேசிய தினப் பாட்டு பாடுன லின்யிங்கோட முதல் முழு ஆல்பம் 2022 ஜனவரியில வந்துச்சு, அமைதியா தனியா உக்காந்து கேக்க வேண்டிய ஆல்பம். எஸ்பிளனேட் வெளியில கடலோரம் இருக்கற திறந்தவெளி மேடையில வார இறுதியில இலவசமா பாடுறாங்க, நவம்பர் வாக்குல கலா உத்சவம் நடக்கும்போது தமிழ் ஆளுங்களும் வருவாங்க. இன்னைக்கு அங்க அம்பது பேர் முன்னாடி பாடுறவரோட முதல் ஆல்பத்துக்கு நீங்க காத்திருக்க ஆரம்பிக்கலாம்.

ஆல்பத்துக்கு அப்புறம் கான்செர்ட் வருமா? டிக்கெட்டுக்கு இப்பவே என்ன செய்யணும்?

வருமான்னு அறிவிப்பு வந்தா தான் உண்டு. வந்தா சிஸ்டிக், டிக்கெட்மாஸ்டர் ரெண்டுலயும் அக்கவுண்ட் இப்பவே திறந்து கார்டு விவரம் எல்லாம் போட்டு வைங்க, விற்பனை அன்னைக்கு பாஸ்வேர்ட் மறந்துட்டேன்னு நிக்காதீங்க. சில நிகழ்ச்சிக்கு ஏதோ ஒரு பேங்க் கார்டு வச்சிருக்கறவங்களுக்கு முதல்ல குடுப்பாங்க, அக்கா அண்ணன் யாருகிட்டயாவது இருக்கான்னு கேட்டு வைங்க. 2023 ஜூலைல ஸ்விஃப்ட் டிக்கெட்டுக்கு போஸ்ட் ஆபீஸ் வாசல்ல ராத்திரியே போய் படுத்தாங்க நம்ம பிள்ளைங்க. கிடைக்கலேன்னா டெலிகிராம்ல, கெரசல்ல தெரியாத ஆளுக்கு பேநவ் பண்ணாதீங்க. ஸ்கிரீன்ஷாட் டிக்கெட் ஆகாது.

கேட்டேன். பிடிக்கல. என்ன பண்றது?

ஒரு வாரம் விட்டுட்டு திரும்ப கேளுங்க. அஞ்சு வருஷமா நம்ம மனசுக்குள்ள நாமளே ஒரு ஆல்பம் செஞ்சு வச்சிருப்போம், முதல் தடவை கேக்கும்போது அதைத் தான் தேடுவோம், அது அங்க இருக்காது. அந்த ஆள் இந்த அஞ்சு வருஷத்துல எங்கேயோ போயிட்டார், நாம பழைய ஸ்டாப்லயே நின்னுட்டு இருப்போம். ரெண்டாவது மூணாவது தடவையில தான் அவர் எங்க போனார்னு காது கண்டுபிடிக்கும். ராத்திரி ஒரு தடவை, காலைல ஒரு தடவைன்னு வேற வேற நேரத்துல கேட்டுப் பாருங்க.

அப்பவும் பிடிக்கலேன்னா பிடிக்கலன்னு சொல்லுங்க, தாராளமா. எந்த பாட்டு, எந்த எடம், ஏன்னு சொல்லுங்க. அவர் உடம்பைப் பத்தி, அவர் பொண்டாட்டியைப் பத்தி, அவர் மாறிட்டார் பணத்தாசைன்னு பேச ஆரம்பிச்சா நான் அந்தப் பேச்சுல இல்ல. அதே மாதிரி ஒருத்தர் பிடிக்கலன்னு சொன்னா அவரை ரசிகனே இல்லன்னு விரட்டவும் கூடாது, நேத்து ராத்திரி 12 மணிக்கு நம்ம கூட முழிச்சு உக்காந்திருந்தவர் தானே அவரும்.